நூற்றுப் பதின்மூன்றாவது இரங்கல் பிரசங்கம்

தலைவர் இறந்து எண்பத்திரண்டு வருடமாகிறது. இறப்பு மட்டும் இன்னும் பதிவாகவில்லை. அதனால் பகல் முழுவதும் அவர் ஞானாபரணத்தின் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஞானாபரணம் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். தலைவர் மறைந்தபோது தேவாலயங்களில் நிகழ்த்தி அச்சடித்த இரங்கல் பிரசங்கங்களைச் சேர்த்துவந்தார். மொத்தம் நூற்றுப் பதின்மூன்று. முழுத் தொகுப்பும் வந்தால்தான் இறப்பைப் பதிவு செய்வோம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கையில் இருந்தன. எல்லா அட்டையிலும் பிரசங்கியாரின் படம் முழுதாக இருந்தது. தலைவரின் படம் தபால்தலை அளவில், ஓரமாக.

"கெடச்சுதா தம்பி?" தலைவர் தினமும் கேட்பார்.

"இல்லய்யா."

"கொஞ்சம் படுத்தாத் தேவல."

பதிவாகாதவர்கள் படுக்கக் கூடாது. அது சட்டம்.

ஐப்பசி மழையில் பேராயரின் பிரசங்கம் ஊறி அட்டை பிளந்தது. அட்டைக்குக் கனம் சேர்க்க, பைண்டு செய்தவர் உள்ளே வேறொரு பிரசங்கத்தை மடித்து ஒட்டியிருந்தார். நாலே பக்கம். ஏதோ குக்கிராமத்து உபதேசியார் மாசிலாமணி சொன்னது. அதுதான் நூற்றுப் பதின்மூன்று.

இருவரும் மூட்டையோடு பதிவு அலுவலகம் போனார்கள். நடைகூடம் நடக்க நடக்க நீண்டது. வழியில் இரண்டு முறை டீ குடித்தார்கள்.

எழுத்தர் எப்சிபா முதல் புத்தகத்தை நீட்டினாள். "கடைசி வரிய வாசிங்க சார்."

"'தலைவர் மறையவில்லை. நம் நெஞ்சங்களில் வாழ்கிறார்.'"

"அடுத்தது?"

"அதேதான்."

"அதுக்கடுத்தது?"

"'என்றென்றும் வாழ்வார்'னு ஒரு வார்த்தை கூடப் போட்டிருக்காரு."

எப்சிபா பேனாவை மூடினாள். "நூத்திப் பன்னெண்டு ஊழியக்காரங்க, ஆளு உசுரோட இருக்காருன்னு அச்சடிச்சே குடுத்திருக்காங்க. செத்துட்டாருன்னு நான் எப்படி எழுத?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"தேவாலயத்துல நின்னுக்கிட்டா?"

ஞானாபரணம் உபதேசியாரின் நாலு பக்கத்தை எடுத்து வாசித்தார். "'அவர் செத்துப்போனார். இனி வரமாட்டார். வீட்டுக்குப் போய் அழுங்கள்.'"

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அதான். அதேதான். இவர் ஒருத்தர்தான் என்னப் பத்திப் பேசியிருக்காரு."

எப்சிபா முன்னும் பின்னும் புரட்டினாள். "பிரசங்கியார் போட்டோ எங்க?"

"உபதேசியாருக்கு ஏதும்மா போட்டோ?"

"போட்டோ இல்லாட்டி பிரசங்கம் ஆகாது சார். துண்டு நோட்டீஸ்."

மனுவில் 'உயிருடன் உள்ளார்' என்று முத்திரை குத்தி, தலைவரின் சட்டைப்பையில் மடித்து வைத்தாள்.

"முட்டு ரெண்டும் போயிருச்சும்மா," என்றார் தலைவர்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெரிய மனுஷன்! ஐயாவ சும்மா அனுப்பக் கூடாது." மணியை அடித்தாள். அலுவலகமே எழுந்து நின்றது. ஐயாவின் மறைவுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தாள். மரியாதைக்குத் தலைவரும் எழுந்தார்.

இரண்டு நிமிடம் முடிந்தது. யாரும் உட்காரவில்லை. தலைமை தாங்குபவர் 'அமரலாம்' என்று சொல்ல வேண்டும். அங்கே தலைமைப் பதவி பதினாறு வருடமாகக் காலி.

தலைவரின் கால்கள் நடுங்கின. "நீயாவது சொல்லேன் தம்பி," என்றார், உதடு அசையாமல்.

"அமரலாம்," என்றார் ஞானாபரணம்.

எப்சிபா அவரை வருத்தத்தோடு பார்த்தாள்.

"மௌனத்தக் கலைச்சிட்டீங்களே சார். எல்லாரும் முதல்ல இருந்து."