பத்துக்கு ரெண்டு

சோப்பு டப்பாவை என் கன்னத்தில் அழுத்தி வைத்து "ஷாட்" என்றாள் ரூபினி. எடுத்து, டப்பாவின் அகலத்துக்குச் சரியாகத் தள்ளி வைத்து இன்னொரு "ஷாட்". ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாதாம், ஏறினால் அந்த இடம் வெந்துவிடும். நடுவில் இடைவெளியும் விடக் கூடாதாம், விட்டால் முகம் வரிவரியாகிவிடும். மெஷினுக்குப் பதிலாகச் சோப்பு டப்பா, ஜெல்லுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய். கீழே அவள் அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது, அது அவள் காதில் விழவே இல்லை.

"பத்துக்கு எவ்ளோ வலிக்குது, அண்ணி?"

"ரெண்டு."

"சோப்பு டப்பாவுக்கே ரெண்டா?"

"உனக்குப் பழக்கமாக வேணாமா?"

ரூபினி என் தம்பி நாகேஷின் மனைவி. பெங்களூர் அல்சூரில் கீழ் வீட்டில் அவர்கள், மாடி அறையில் நான். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு இப்படித்தான். எனக்குப் பத்தொன்பது வருஷமாக பஸ் கண்டக்டர் வேலை. பெரும்பாலும் ஓசூர் ரோடு, பொம்மனஹள்ளிப் பக்கம். ஜன்னல் வழியே அடித்த அத்தனை வெயிலும் என் இடது கன்னத்தில் கறுப்புப் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை, நான் உட்பட. ரூபினி மட்டும்தான் ஒரு நாள் அதைப் பார்த்து, நகைக் கடையில் நிற்கிறவள் மாதிரி கண்ணை விரித்தாள்.

எட்டு வருஷம் பார்லரில் நின்றே வேலை பார்த்தவள் அவள். புருவம் திருத்துவாள், வேக்ஸிங் செய்வாள். இருபத்தொன்பது வயதில் அவள் கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் சுருண்டு கிடக்கின்றன. இப்போது கோரமங்களாவில் ஆறு வார டிரெயினிங். லைட் மெஷினால் முகத்துப் புள்ளிகளை எடுத்துத் தோலைப் புதுசாக்குகிற வேலை. பரீட்சையில் பாஸானால் இந்திரா நகரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில், டாக்டருக்குக் கீழே, எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளத்தைப் பற்றி அவள் எங்களிடம் அதிகம் பேசவில்லை. "அங்க ஸ்டூல் இருக்கு, அண்ணி. சக்கரம் வெச்ச ஸ்டூல். உக்காந்துக்கினே வேலை செய்யலாம்" என்று மட்டும் நாலு தடவை சொன்னாள். அந்த ஸ்டூலை அவளுக்கு வாங்கிக் கொடுக்க நான் எதையும் செய்திருப்பேன்.

பரீட்சைக்கு ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும். நான் என் முகத்தைக் கொடுத்தேன்.

"அந்த லைட்டுக்குப் புள்ளி எது, தோல் எதுன்னு தெரியாது அண்ணி" என்று எனக்குப் பாடம் நடத்துவாள். "கறுப்பு எங்க இருக்கோ அங்க போவும். நம்ம தோலே கறுப்பு. அதனால லைட்டுக்குத் தெரியாதத நாங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்." வெயிலில் போகக் கூடாது, பஸ்ஸிலும் நிழல் பக்கம்தான் நிற்க வேண்டும். முகத்தில் எதுவும் போடக் கூடாது. பார்லர் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. வலியைப் பத்துக்கு இத்தனை என்று சொல்ல வேண்டும். ஏழுக்கு மேலே சொன்னால் அவள் நிறுத்திவிட்டு ஐஸ் வைக்க வேண்டும்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால், டிரெயினிங் நடக்கும் இடத்தில், சோதித்துப் பார்க்க என் காதோரமாக மெஷினால் ஒரே ஒரு ஷாட் கொடுத்தார்கள். தாளிக்கும்போது கடுகு தெறித்தது போலச் சுரீரென்றது. "ரெண்டு" என்றேன். பக்கத்தில் நின்ற டாக்டர் சோஃபியா என் பாதத்தைப் பார்த்தார். அவர்தான் டிரெயினிங் நடத்துகிறவர், பரீட்சை வைக்கிறவரும் அவரே.

"உங்க கால் விரல் ஏழுங்குதே மேடம்."

நான் விரல்களை நிமிர்த்திக்கொண்டேன்.

"எல்லாத்துக்கும் ரெண்டுன்னா, எப்ப நிறுத்தணும்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சொன்னது எனக்குச் சுத்தமாக ஏறவில்லை. என் கவனமெல்லாம் பக்கத்துக் கட்டில்களில் இருந்தது. மற்றவர்கள் கூட்டி வந்தவர்களெல்லாம் காலேஜ் பெண்கள் மாதிரி வழுவழுவென்று இருந்தார்கள். நடுவில் நான், மேலுதட்டில் பூனை மீசையோடு. ரூபினி என்னவோ கொஞ்சமும் கூசாமல், "எங்க அண்ணி. கண்டக்டர்" என்று ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டினாள். அந்தப் பெருமை என்னைப் பிடித்து ஆட்டியது. அதற்குத் தகுந்த முகத்தோடு பரீட்சைக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள், எங்கள் சந்து முனையில் மௌரீன் வைத்திருக்கும் பார்லருக்குப் போனேன். "ஒரு ப்ளீச் போட்டா பளிச்சுனு ஆயிடும் மரகதம்" என்றாள். ரூபினி சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு ப்ளீச்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். வாங்கின டிக்கெட்டுக்கு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். அவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். கன்னம் எரிந்தது. "பத்து நிமிஷம் பொறு" என்றாள் மௌரீன். பொறுத்தேன். அன்று மாலை தலைவலி என்று மாடியை விட்டு இறங்கவில்லை. காலையில் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். வெயில் படாமல் இருக்கத்தான் சுற்றியிருக்கிறேன் என்று ரூபினிக்கு ஒரே சந்தோஷம்.

பரீட்சை அறையில் ஏசி குளிர். வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு ரூபினி ஃபாரத்தைப் படித்தாள். டாக்டர் சோஃபியா சுவரோரம் ஃபைலோடு நின்றார்.

"நாலு வாரத்துல வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"இல்ல."

"மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

"முகத்துல ஃபேஷியல், ப்ளீச், த்ரெடிங்?"

பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். அப்போதுதான் முதன்முதலாக பெங்களூரைப் பார்ப்பவன் போல அவ்வளவு ஆசையாகப் பார்ப்பான். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

கையெழுத்து வாங்கினாள். படுக்க வைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். அதற்குள் ஒரே இருட்டு. ஈரப் பஞ்சு கன்னத்தில் நடந்தது. விளக்கை முகத்துக்கு நேராக இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூல் சக்கரம் உருண்டு என் தலைப்பக்கம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள், இனி ஆண்டவன் விட்ட வழி என்று நினைத்தேன்.

பஞ்சு நின்றது.

அவள் மூச்சு என் மேலுதட்டில் பட்டது. அவ்வளவு கிட்டே குனிந்திருக்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடியில் நானே பார்த்தேன். என் கறுத்த முகத்தில் பூனை முடியெல்லாம் பொன் நிறமாகியிருந்தது.

"அண்ணி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மூஞ்சிக்கு என்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலம்மா."

அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. ஸ்டூல் பின்னால் உருண்டது.

"மேடம், நான் ஷாட் குடுக்கல. நேத்தோ முந்தாநேத்தோ ப்ளீச் பண்ணியிருக்காங்க."

நான் எழப் பார்த்தேன். "போடும்மா, நான் தாங்கிக்கிறேன். எனக்கு ரெண்டுக்கு மேல வராது."

"நீங்க தாங்கிப்பீங்க அண்ணி. தோல் தாங்காது. வெந்துபோச்சுன்னா அந்தக் கறுப்பு போறதுக்கு வருஷக் கணக்காவும்." அவள் குரல் உடையவில்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்தாள்.

டாக்டர் சோஃபியா வந்து விளக்கில் என் முகத்தைப் பார்த்தார். "நிறுத்துனது சரிதான். ஆனா அதுக்கு மார்க் போட இந்த ஃபாரத்துல இடமில்ல. ஷாட்டைப் பார்த்துதான் மார்க்" என்றார். அடுத்த பேட்ச் பரீட்சை ஆறு வாரம் கழித்து. இந்திரா நகர் கிளினிக் அதுவரை காத்திருக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திரும்பும்போது ரூபினி எனக்காக நிற்காமல் பஸ் ஏறினாள். வெயில் அடிக்கிற பக்கம் தான் உட்கார்ந்து, என்னை உள்பக்கம் தள்ளினாள். அவ்வளவு கோபத்திலும் என் கன்னத்துக்கு நிழல் பார்த்து உட்கார வைத்தாளே என்று அழுகை வந்தது. முன்னால் கண்டக்டர் பெண் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று கூட்டத்தை முன்னே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மறுநாள் ரூபினி பழைய பார்லருக்கே போனாள். கிளினிக்கிலிருந்து, பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். சாப்பாடு வழக்கம்போல மாடிக்கு வந்தது, ரசத்தில் பெருங்காயம் குறையவில்லை. "மன்னிச்சிடும்மா" என்று சொல்ல நானும் தினமும் வாயெடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றுதான் வந்தது.

ஒன்பதாவது நாள் மாலை நான் டியூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைக் கூடக் கழற்றவில்லை. அவள் சோப்பு டப்பாவோடு மாடி ஏறி வந்தாள். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, மோவாயைப் பிடித்துத் திருப்பி, மேலுதட்டை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"முடி அடியில கறுப்பு வர ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். "ஆனா எண்ணெய் கூட வேணாம் இப்ப."

உலர்ந்த டப்பாவைக் கன்னத்தில் வைத்தாள். ஷாட். தள்ளி வைத்தாள். ஷாட். ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, நடுவில் இடைவெளியும் விழவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

"பத்துக்கு எவ்ளோ, அண்ணி?"

சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

"எட்டு" என்றேன்.

டப்பா அப்படியே நின்றது. அவள் என் கண்ணைப் பார்த்தாள். டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமும், ஐஸ் தட்டைத் தட்டுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஐஸை ஒரு காயமும் இல்லாத என் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி என் காக்கிச் சட்டைக் காலரை நனைத்தது. நான் கட்டிலில் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டேன்.