வெர்செல்லியின் சேறு

"இத்தாலியில நெல்லு விளையுமா மகள்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

அண்ணன் நிலோஜன் இத்தாலியின் வெர்செல்லிக்குப் போய் இரண்டு வருடம். ஹோட்டலில் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்வான். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் வாய் திறக்க முடியாமல் பத்தாம் ஆண்டோடு நின்றவள் நான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு நம்பிக்கை. சொல்வதில்லை, கொப்பியில் எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.

வெர்செல்லி ஈராயிரம் வருடத்துக்கும் மேல் பழைய நகரம். செங்கல் கோபுரங்களைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை வயல். எங்கள் ஊர் உன்னிச்சைக் குளத்தில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும் அதே சித்திரையில் அங்கும் வாய்க்காலைத் திறக்கிறார்கள். தூரத்துப் பனிமலை வயல் தண்ணீரில் தலைகீழாக நிற்குமாம். மார்கழியில் எதிரே வரும் சைக்கிள் தெரியாத பனிமூட்டம். ஆனியில் புழுக்கம், நுளம்புக்கடி. விதைப்பும் அறுவடையும் மெஷின்தான். களையாக முளைக்கும் காட்டு நெல்லை மட்டும் ஆள் இறங்கிப் பிடுங்க வேண்டும். அண்ணன் அதற்குத்தான் போகிறான்.

"என்ட மகன் சேத்தில கால் வைக்கப்படாது" என்றுதான் அப்பா ஊர் வயல்வட்டையில் இருந்த மூன்று ஏக்கரையும் விற்று அவனை அனுப்பினார்.

நேற்று மத்தியானம் அண்ணனின் குரல் பதிவு போனில் வந்தது. "தங்கச்சி, கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போச்சு. அப்பா முந்தி என்னவோ இலையை அரைச்சுப் பூசுவார். கேட்டுச் சொல்லு. எனக்கெண்டு சொல்லிராத."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மெதுவாக அம்மாவிடம் கேட்டேன். "சேத்துப்புண்ணுக்கு என்னம்மா பூசுற?"

அம்மா சிரித்தார். "வாசலுக்கே வராத புள்ளைக்குச் சேத்துப்புண்ணா? கனவில வயலுக்குப் போனியா?"

அப்பா சிரிக்கவில்லை. என் காய்ந்த கால்களைப் பார்த்தார். வயலை விற்ற பிறகு இந்த வீட்டில் யாருக்கும் அந்தப் புண் வந்ததில்லை.

"ஆருக்கு?"

நான் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மறைத்திருக்கக் கூடாது. அவர் அதையும் பார்த்துவிட்டார்.

"இத்தாலியில நெல்லு விளையுமா மகள்?"

"ஓம்."

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "ஹோட்டல் வேலையெண்டுதானே சொன்னவன்?"

அப்பா பாதிச் சோற்றோடு கை கழுவினார். வேலியோரம் போய் மருதோன்றி இலையை உருவி, இரண்டு கை நிறையக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

"இந்த வெயிலுக்க எங்க போறீங்க?" என்றார் அம்மா.

அவர், இப்போது எங்களுடையதல்லாத அந்த வயல் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.