நான்காம் மெஷினின் ஞாபகம்

ஹாஜி வஹ்தான் எங்கள் இன்டர்நெட் கடைக்குள் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. தனியாக வந்திருந்தார். அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. போன வாரம் மகள் ரூமைஸாவோடு வந்து, நான்காம் கம்ப்யூட்டர் மெஷின் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் விரும்பிய கல்லூரிகளை வரிசையாக ஏற்றிவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மனிதர். இன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரூமைஸாவோட லிஸ்ட்ட ஒரு தடவ பாக்கணும்மா. அந்த நாலாம் மெஷின்லயே," என்றார், காதோடு சொல்வதுபோல.

அன்று கடைசி நாள். ஏழு மணிக்குக் கல்லூரிச் சேர்க்கை இணையத் தளத்தை மூடிவிடுவார்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று அதில் வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஏழு மணி வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்குப் பிறகு அல்லாவே வந்து கேட்டாலும் மாற்ற முடியாது. உள்ளே போகப் பரீட்சை எண் ஒன்று வேண்டும், ஆறு இலக்க இரகசிய எண் ஒன்று வேண்டும். பரீட்சை எண் ரிசல்ட் பார்க்கிற நாளிலிருந்து குடும்பத்துக்கே மனப்பாடம். இரகசிய எண் பிள்ளையின் கையில் இருக்கும் தாளில் மட்டும். ரூமைஸா முதல் இடத்தில் போட்டிருந்தது அலெக்ஸாண்ட்ரியா பொறியியல் கல்லூரி. கப்பல் கட்டும் படிப்பு. விடுதியில்தான் தங்க வேண்டும்.

எங்கள் ஸிஃப்தா ஊரில் இரகசியம் மதியம் வரைதான் தாங்கும். ஹாஜியின் அண்ணன்மார் இரண்டு பேரும் முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய், நம் வீட்டுப் பெண் விடுதியில் தங்குவதா, பக்கத்து ஊர் தந்தாவில் ஆசிரியர் கல்லூரி இல்லையா, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாமே என்று சத்தம் போட்டதைக் காய்கறிக் கடையில் வைத்தே கேட்டுவிட்டேன். ஹாஜி அண்ணன்மார் பேச்சை மீறி ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கியதில்லை. இப்போது மகள் இல்லாமல், தாள் இல்லாமல், கடைசி ஐம்பது நிமிடத்தில் வந்து நிற்கிறார். மாற்றத்தான் வந்திருக்கிறார். இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அவருக்கு வழி காட்டிக் கொடுத்தவளும் நானேதான். அதைச் சொல்ல எங்கள் கடைச் சண்டையைச் சொல்ல வேண்டும். கடை எனக்கும் என் தம்பி ஷௌகிக்கும் பாதிப் பாதி. மூன்று வருடமாக எங்களுக்குள் ஒரே தகராறு, எந்த பிரவுசர் நல்லது என்று. நான் குரோம் கட்சி. ஒருமுறை அடித்ததை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். சேர்க்கைக் காலத்தில் நாளைக்கு ஐம்பது பிள்ளைகள் வருவார்கள், தளம் நாலு தடவை பாதியில் நின்றுபோகும், ஒவ்வொரு தடவையும் எண்ணை முதலிலிருந்து யார் அடிப்பது? ஷௌகி ஃபயர்ஃபாக்ஸ் கட்சி. அவன் அதை நரி என்றுதான் சொல்வான். மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி அதை அமைத்து வைத்திருந்தான். நாலு பேர் உட்காரும் இடத்தில் நாலு பேரின் எண்ணும் கிடக்கலாமா என்பது அவன் வாதம். போதாக்குறைக்கு, குரோமில் பத்து ஜன்னல் திறந்தால் எங்கள் கிழட்டு மெஷின்கள் ஈனப்போகிற எருமை மாதிரி மூச்சு வாங்குகின்றன என்பான். கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டோம். ஒன்று முதல் நாலு வரை குரோம், ஐந்து முதல் எட்டு வரை நரி.

போன வாரம் அந்தப் பெருமையில்தான் ஹாஜியிடம் சொன்னேன், இனிமேல் பரீட்சை எண்ணை மட்டும் அடித்தால் போதும், இரகசிய எண்ணை மெஷினே போட்டுக்கொள்ளும் என்று. ரூமைஸா அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத என்னை நானே சபித்துக்கொண்டேன்.

முடியாது என்று சொல்ல முடியாது. பெற்ற தகப்பன். நாளைக்கு ஊரே அவர் பக்கம் நிற்கும். ஆகவே நான்காம் மெஷின் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன். தளம் மெதுவாக வருகிறது என்றேன். பிறகு எனக்குக் கைவந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"ஷௌகி, அந்த நரியில அப்படி என்னடா இருக்கு? இன்னிக்காவது ஒழுங்கா சொல்லு."

அவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆரம்பித்துவிட்டான். நரிக்கு நாமே சட்டம் போடலாம், பின்னாலேயே வருகிற விளம்பரங்களைத் தடுக்கலாம் என்றான். குரோமில் திறக்கிற சில பக்கம் நரியில் கோணல் மாணலாகத் தெரிகிறதே என்றேன். அது பக்கம் கட்டினவனின் குற்றம் என்றான். இரண்டாம் மெஷினில் இருந்த போன் ரிப்பேர்க்காரர் பஹ்ஜத் திரும்பி உட்கார்ந்து, மெஷினோடு கூட வந்த பிரவுசரை விட்டுவிட்டு வேறொன்றை இறக்குகிறவன் கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறவன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தெருவில் போன இரண்டு பேர் உள்ளே வந்து நின்றுகொண்டார்கள். ஆறு முப்பத்தைந்து.

ஹாஜி கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை என் காதருகே குனிந்து, "விஷயம் என்னன்னாம்மா…" என்று தொடங்கினார். இரண்டு தடவையும் பஹ்ஜத் பார்ப்பதைப் பார்த்து நிமிர்ந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று எண்ணிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறு நாற்பத்தாறுக்கு அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "நேரமாகுது இக்லாஸ். எந்திரிம்மா."

"சரிடா ஷௌகி, நீ ஜெயிச்ச," என்றேன் நான் சத்தமாக. "ஊர்ப் பிள்ளைங்க நம்பர் நம்ம மெஷின்ல கிடக்கக் கூடாதுதான். இப்பப் பாரு." அமைப்புகளைத் திறந்து, சேமித்த எண்கள் எல்லாவற்றையும் அழி என்பதை எல்லோரும் பார்க்க அழுத்தினேன். பஹ்ஜத் கைதட்டினார். மூன்று வருடச் சண்டை தீர்ந்தது, இனி இந்தக் கடையில் என்ன வேடிக்கை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நின்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். ஷௌகி மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்தவனின் முகமாக அது இல்லை. என்னையும் ஹாஜியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

நான் எழுந்து இடம் கொடுத்தேன். ஹாஜி உட்கார்ந்து, ஒரே விரலால், உதடு அசைய, மகளின் பரீட்சை எண்ணை அடித்தார். கோடை முழுக்க அந்த எண்ணைச் சொல்லித்தான் துஆ கேட்டிருப்பார். கீழே இருந்த கட்டம் காலியாகவே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

"வரலியேம்மா. மெஷினே போட்டுக்கும்னு நீதானே சொன்ன?"

"மறந்துடுச்சு ஹாஜி. ரூமைஸாகிட்டதான் தாள் இருக்குமே."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர்தான்.

"தாளக் கிழிச்சுட்டா," என்றார். "பெரியப்பாமார் போட்ட சத்தத்தக் கேட்டுட்டு, காலைல போன்லயே அலெக்ஸாண்ட்ரியாவ எடுத்துட்டு ஆசிரியர் கல்லூரிய மேல போட்டுட்டா. அவ உம்மா இப்பத்தான் சொன்னா. கேட்டா, இதுதான் என் விருப்பம்னு கதவ சாத்திக்கிட்டா. நான் பழையபடி மாத்தி வைக்க வந்தேன். அண்ணன்மாருக்குத் தெரியாம மாத்தணும்னுதான் வாயத் திறக்கல."

ஆறு ஐம்பத்தொன்று. அந்த மனிதரின் அரை மணி நேரத்தை நான் தின்றிருந்தேன். தின்றுவிட்டுக் கைகழுவியும் விட்டிருந்தேன்.

"காலைல அடிச்ச நம்பர் அவளுக்கு ஞாபகம் இருக்கும். போன் போடுங்க," என்றான் ஷௌகி. என்னைப் பார்க்காமலே ஐந்தாம் மெஷினில் போய் உட்கார்ந்தான். "அக்கா, நீ அதுல திற, நான் நரியில திறக்கறேன். எது முதல்ல உள்ள விடுதோ விடட்டும்."

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை உம்மாக்காரி எடுத்தாள். கதவைத் தட்டும் சத்தம், கெஞ்சும் சத்தம். ஆறு ஐம்பத்தைந்துக்கு ரூமைஸா போனுக்கு வந்தாள்.

"நம்பரச் சொல்லு மவளே."

"வேணாம் வாப்பா. உங்க அண்ணன்மாரு உங்ககூடப் பேச மாட்டாங்க."

"அது என் பாடு. நீ சொல்லு."

வெளியே ஒரு ஆட்டோ போனது. ஹாஜி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என் திரையில் பக்கம் பாதி வந்து நின்று, சுற்றி, முழுதாக வந்தது. பரீட்சை எண்ணை அடித்தேன். பக்கத்தில் ஷௌகியும் அடித்துவிட்டுக் காத்திருந்தான்.

"ஏழு," என்றாள். நானும் அடித்தேன், அவனும் அடித்தான். "ரெண்டு. இன்னொரு ரெண்டு." அழுதுகொண்டே சொன்னாள். "ஒம்பது." "நாலு."

இன்னும் ஒன்று. அப்போது அந்தப் பக்கம் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹாஜியின் அண்ணன் ஒருவரின் கனத்த குரல், யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டது. ஹாஜி போனை வாயருகே கொண்டுபோனார். ஆறு ஐம்பத்தெட்டு. இரண்டு திரையிலும் ஐந்து ஐந்து கரும்புள்ளிகள். ஆறாவது இடத்தில் சின்னக் கோடு ஒன்று வருவதும் மறைவதுமாக இருந்தது.