கன்னிவாடியான் குடியிருந்த வீடு

1954 ஐப்பசியில், பேகம்பூர் தோல் வியாபாரி மீரானின் வீட்டு வாசலுக்கு அவர் மனைவி அஜீஸுன்னிசாவின் புனைபெயர் குடையோடு வந்து, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டது. அதுவரை அந்தப் பெயரில் ஆள் கிடையாது. கன்னிவாடியில் பிறந்தவள் என்பதால் ‘கன்னிவாடியான்’ என்று வைத்துக்கொண்டு, மூன்று வருஷமாகச் சென்னை வாரப் பத்திரிகைக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி எழுதுகிறாள் என்று தெரிந்தால் தோல் மண்டியில் தலைகாட்ட முடியாது என்று மீரான் பயந்ததால் ஆண்பெயர். தபால்காரர் பேச்சிமுத்து, ஆள் வந்தால்தான் தருவேன் என்று அன்று நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, கதர் ஜிப்பா போட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் தெருமுனையிலிருந்து நடந்து வந்து, “நான்தான் கன்னிவாடியான்” என்று சொல்லி, அச்சு அசலாக அவள் எழுத்திலேயே ஒப்பமிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வந்த மீரான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பேச்சு வாங்குறதுக்கு ஒரு ஆம்பளை வந்துட்டாரு. நல்லதுதான் புள்ள” என்றார். கன்னிவாடிப் பக்கத்துச் சொந்தம் போல என்று தெருவும் விட்டுவிட்டது.

கன்னிவாடியானுக்குப் பேச வரும், ஒரு வரி எழுத வராது. மதியத் தொழுகைக்கும் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் அவள்தான் எழுதினாள். தொடர்கதை, ரேடியோ நாடகம், விவசாயப் பத்திரிகைக்கு வெங்காயச் சாகுபடி, சோப்பு விளம்பரத்துக்கு நாலு வரி. திரும்பி வந்ததைத் திருத்தி வேறு பத்திரிகைக்கு அனுப்புவாள். தபாலில் சேர்ப்பது அவர் வேலை. காந்திகிராமத்தில் கூட்டம் என்றால் போய்ப் பேசிவிட்டுக் கழுத்து மாலையோடு பஸ்ஸில் திரும்புவார். அவளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சில வருஷங்களில் சிரிப்பு நின்றுபோனது.

1961-இல் மகள் கமர்ஜஹான் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்தாள். அடுத்த வருஷம் அஜீஸுன்னிசா அதை ஒரு கதையாக எழுதினாள். கடிதங்கள் மூட்டையாக வந்தன. தானும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்த பத்திரிகை ஆசிரியர் ஞானராஜ், ரயிலேறி வீட்டுக்கே வந்துவிட்டார். “செத்த குழந்தையோட பாவாடையைத் துவைக்காம மடிச்சு வைக்கிறா அந்தத் தாய். ஒரு ஆம்பளைக்கு அது எப்படிங்க தெரிஞ்சது?” என்று கேட்டார். எத்தனையோ மேடை கண்ட கன்னிவாடியான் திரும்பித் திரையையே பார்த்தார். அப்போது மீரான் எழுந்துபோய்த் திரையை விலக்கினார். “அஜீஸு, நீயே சொல்லு புள்ள.” எட்டு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது, “டீ ஆறுது, குடிக்கச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள். ஞானராஜ் குடித்துவிட்டுப் போனார்.

அரை வருஷம் அவள் மீரானை நொந்தாள், கன்னிவாடியானை நொந்தாள். பிறகு ஒருவரையும் நொந்துகொள்ள முடியாமல், ஒரு கதை எழுதி முதன்முறையாகத் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். எட்டாம் நாள் அது திரும்பி வந்தது. ஞானராஜ் தன் கையாலேயே எழுதியிருந்தார்: ‘சகோதரி, கன்னிவாடியானின் நடையைக் காப்பியடிக்காதீர்கள். உங்கள் சொந்த வாழ்க்கையை எழுதுங்கள்.’ அதற்குப் பின் அவள் பேனாவைத் தொடவில்லை.

எழுத்து நின்றதும் கன்னிவாடியானும் மறைந்துவிடுவார் என்று வீட்டில் நினைத்தார்கள். மறையவில்லை. தலை நரைத்தது, முழங்கால் வலி வந்தது, 1967 வாக்காளர் பட்டியலில் பேரும் ஏறியது. ஒருநாள் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார்.

“என்னாலதானம்மா இம்புட்டும். போயிரலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எந்த ஊருக்கு டிக்கெட் கேக்குறதுன்னு தெரியல.”

“உங்களால இல்ல. கூப்பிட்ட அன்னிக்கு நான்தான் வரல” என்றாள் அஜீஸுன்னிசா. “கை கழுவிட்டு வாங்க.”

மூன்று தட்டு வைத்தாள். அவருக்கு மீன் ஆகாது என்பதால், தனியாகக் கத்தரிக்காய் வெஞ்சனம்.