பிரசண்ட்லியின் வீழ்ச்சியும் ஆறிப்போன கறிபாப்பும்

மேற்கத்திய நாகரிகம் எங்கே சறுக்கியது என்று அறிஞர்கள் போர்களிலும் புரட்சிகளிலும் தேடிக்கொண்டிருக்க, அது ஒரே ஒரு வினையடையில்தான் சறுக்கியது என்று நிறுவிய மனிதர் சுபாங் ஜெயாவில் ஒரு மாடி வீட்டில் வாழ்கிறார். பெயர் கிரிகரி. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவருடைய கண்டுபிடிப்பை உலகம் இன்னும் கேட்கவில்லை. வீட்டிலும் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. அவர் "பதினைந்தாம் நூற்றாண்டில்…" என்று தொடங்கும்போதே மனைவி டொரத்திக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும்.

அந்தச் சொல் 'பிரசண்ட்லி'.

பிறந்தபோது அதற்கு 'இப்போது' என்று பொருள். அப்படியே 'உடனே' என்றும் ஆனது. அந்தக் காலத்து ஆங்கிலேயன் 'பிரசண்ட்லி வருகிறேன்' என்றால் பாதிப் படி இறங்கியிருப்பான். ஆனால் சொன்னவர்கள் எல்லாம் சாவகாசமாகவே வந்ததில், சொல்லும் அவர்களோடு சேர்ந்து தளர்ந்து, 'கொஞ்ச நேரத்தில்' என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 'சூன்' என்பதும் ஒரு காலத்தில் 'உடனே'தான். இன்று செத்துப்போன 'அனான்' என்பதும் அதேதான். "இது மொழிப் பிரச்சினை இல்லை, ஒழுக்கப் பிரச்சினை" என்பது கிரிகரியின் முடிவு. பொய்யர்கள் வாயில் அகப்பட்ட காலச்சொல் உருப்படாது.

பழைய 'இப்போது' என்ற பொருளை அமெரிக்கர்கள் இன்னும் புழங்குவதை அவர் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு அலுவலகக் கதவில் 'பிரசண்ட்லி மூடப்பட்டுள்ளது' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் திருத்த நினைத்தார். மூடியிருந்ததால் முடியவில்லை.

இதையெல்லாம் எழுந்து போகாத ஒரு கூட்டத்தின் முன் ஒரே ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். வாழ்க்கையில் இனி அவருக்கு வேறு ஆசை இல்லை.

எழுந்து போகாத கூட்டத்துக்கு நம் நாட்டில் ஒரே வழிதான் உண்டு. சுல்தான் கொடுத்த பட்டத்தோடு இருக்கும் ஒரு டத்தோவைக் கூப்பிட வேண்டும். முன்வரிசையில் டத்தோ உட்கார்ந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் கை வைக்கும்வரை சாப்பாட்டின் பிளாஸ்டிக்கையும் யாரும் பிரிக்க மாட்டார்கள். கிளாங்கில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் டத்தோ தம்புசாமி சம்மதித்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் மண்டபம் எடுத்தாயிற்று. சனிக்கிழமை, நான்கு முதல் ஆறு வரை.

அழைப்பிதழில் நான்கு மணி என்று இருந்ததால் எல்லாரும் ஐந்து மணிக்கு வந்தார்கள். கிரிகரியும் டொரத்தியும் அதற்குச் சற்று முன்னால் வந்து கதவைத் திறந்தார்கள். கூட்டத்தை நடத்தும் மொழிக் கழகத்தின் செயலாளர் குகன், கிரிகரியின் பழைய மாணவன், இன்சூரன்ஸ் ஏஜண்ட். அவன் மாலையோடு ரோட்டோரத்தில் நிறுத்தப்பட்டான்.

"பெரிய கறுப்புக் காரா பாரு. மெர்சிடிஸா இருக்கும்" என்றார் கிரிகரி.

"ஆளு எப்படி சார் இருப்பாரு?"

"பேப்பர்ல பார்த்ததில்லையா? தலையில கறுப்பு சொங்கோ தொப்பி போட்டு, நெஞ்சு நிறைய மெடல்."

ஐந்தரை ஆயிற்று. குகன் வியர்வையோடு மேலே ஓடி வந்தான். "சார், சொங்கோ போட்ட ஆளு ஒருத்தரும் வரல. நாம ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

"டத்தோ இல்லாம ஆரம்பிச்சா, நான் பதினாறாம் நூற்றாண்டுக்கு வர்றதுக்குள்ள பாதிப் பேர் கிளம்பிருவாங்கப்பா."

"அப்ப ஒரு கால் போட்டுப் பாருங்க சார்."

"டத்தோவை அவசரப்படுத்துறதா? மரியாதை இல்ல. நாலு மணிக்கே கூப்பிட்டுப் பேசிட்டாரு. 'வந்துட்டேன்'னாரு."

"ஓ, வந்துட்டேன்னாரா" என்றான் குகன். "அப்ப இன்னும் கிளம்பியிருக்க மாட்டாரு லா."

"அதான். அப்பத்தான் குளிக்கப் போயிருப்பாரு. அப்புறம் ஃபெடரல் ஹைவே ஜாம். கணக்கு சரியா இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர், தன் மைத்துனர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருந்துகொண்டே 'வாசல்ல நிக்கிறேன்' என்று சொன்ன கதையை எடுத்துவிட்டார். சபை ரசித்தது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே, கறி அடைத்துப் பொரித்த கறிபாப்புகள் வியர்த்தன.

டொரத்தி கணவர் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, கறிபாப் ஆறிப் போச்சு. சனங்க அதையேதான் பார்த்துட்டு இருக்காங்க."

"பார்க்கட்டும். அது அங்க இருக்கிறவரைக்கும் போக மாட்டாங்க."

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. கிரிகரி எழுந்து கோட்டைச் சரிசெய்தார். வந்தது பிரெண்டா என்ற ஒரு பெண், கையில் ஆளுயர ஸ்பீக்கர். பின்னால் இறுக்கமான கால்சட்டை போட்ட பத்துப் பதினைந்து பெண்கள்.

"அங்கிள், எங்க ஸும்பா டான்ஸ் கிளாஸ். ஆறு மணிக்கு எங்க டைம்."

"அம்மா, சீஃப் கெஸ்ட் ஆன் த வே. பிரசண்ட்லி முடிச்சிடுவோம்."

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அங்கிள்?"

அதற்குள் யாரோ பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டார்கள். டத்தோ வரமாட்டார் என்று ஆனதும் நாகரிகமும் விலகியது. ஸ்பீக்கர் அலறியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில் இரண்டு கறிபாப்போடு இடுப்பை லேசாக ஆட்டிப் பார்த்தார். கிரிகரி உரையைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். டொரத்தி பின்னாலேயே வந்தாள்.

"இந்த ஆளுங்க எல்லாம் டத்தோவா?" என்றார் படிக்கட்டிலேயே. "வந்துட்டேன்னு ஒரு பொய். நானூறு வருஷமா ஒரு சொல்லு செத்ததுக்குக் காரணமே இவனுங்கதான்."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் டொரத்தி.

கீழே வாழையிலைக் கடையில் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்ட ஒரு பெரியவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"கிரிகரி சார்! ஆரம்பிச்சிரலாமா?"

சொங்கோ இல்லாமல், மெடல் இல்லாமல் அது தம்புசாமிதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ரோட்டோரத்தில் குகன் மாலையோடு இன்னும் கறுப்புக் கார்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டத்தோ… கார்?"

"இங்க யாரு சார் பார்க்கிங் தேடுறது? கொமுட்டர் ரயில்ல வந்தேன். நாலு மணிக்கு மாடி ஏறிப் பார்த்தேன், பூட்டியிருந்திச்சு. உங்களைக் கூப்பிட்டு வந்துட்டேன்னு சொன்னேனே. நீங்களும் 'வந்துட்டேன் டத்தோ, பிரசண்ட்லி சந்திப்போம்'னீங்க. சரி, இங்கதான் எங்கயோ இருக்காரு, வந்து கூப்பிடுவாருன்னு உட்கார்ந்துட்டேன்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஒரு சாப்பாடு, நாலு கிளாஸ் தே தாரிக் டீ. என்னா சார் சத்தம் மேல? ஏதோ இங்கிலீஷ் சொல்லு பத்தின்னீங்க, ஆட்டமும் உண்டா?"

"இல்ல டத்தோ. அது… வேற புரோகிராம்."

"அப்ப நான் கிளம்புறேன் சார். ரயிலுக்கு நேரமாச்சு. அந்தச் சொல்லைப் பத்தி இன்னொரு நாள் சொல்லுங்க."

"ஜாமுங்க டத்தோ" என்றார் கிரிகரி. "ஃபெடரல் ஹைவே முழுக்க ஜாம். அதான் நான் நாலு மணிக்கு…"

டொரத்தி வானத்தைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு டத்தோவின் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது கிரிகரி சுபாங் ஜெயாவில், இடுப்பில் துண்டோடு, நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்துச் சாவி ஒன்றுதான். அது அவரிடம் இருந்தது. அவர் இன்னும் குளிக்கவில்லை.