ஆறி அவலா (ரீமிக்ஸ்)

'இண்டி பாடகர்' என்றால் ரெஜிஸ் வீட்டு அகராதியில் சினிமாவில் இன்னும் கூப்பிடவில்லை என்று பொருள். வயது நாற்பதை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டதால் அந்த 'இன்னும்' என்ற சொல்லையும் அவன் மனைவி ஆஷ்லி சமீபகாலமாக விட்டுவிட்டாள். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீபோர்டு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலப்புதூர் மாதா கோயிலில் பாடகர் குழு, மிச்ச நேரத்தில் உலகத்துக்கான பாடல்கள். உலகம் மாதத்துக்கு நானூறு பேராக வந்து கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாகப் புதுப் பாட்டு ஒன்றும் சுரக்கவில்லை. இந்த நிலைமைக்குப் பெரிய பாடகர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் மரியாதையான வழி ஒன்று உண்டு. பழைய பாட்டுகளை நாலு பேரிடம் கொடுத்து ரீமிக்ஸ் செய்யச் சொல்வது. எதற்கும் உதவாது என்று கிடப்பில் போட்டவற்றைத் தூசி தட்டி, 'கிடைத்தற்கரியவை' என்று பெயர் சூட்டுவது. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆல்பம். ரெஜிஸும் சேர்த்தான். 'கொள்ளிடம்' என்று பெயர் வைத்தான்.

"அதென்னங்க ஆத்துப் பேரு?" என்றாள் ஆஷ்லி.

"முக்கொம்புல காவிரிக்கு மிஞ்சின தண்ணி எங்க போகுது? கொள்ளிடத்துக்குத்தானே. இது எனக்கு மிஞ்சினது."

"காவிரியிலயே தண்ணி இல்லையே."

உவமை என்றால் ரொம்பவும் தோண்டக் கூடாது.

ஆல்பத்தில் 'ஈரத்துணி' என்றொரு பாட்டு. அவனும் ஆராவமுதனும் இரண்டே பேர் கொண்ட இசைக்குழுவாக இருந்த காலத்தில், ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் ஆராவமுதன் வீட்டு மாடியறையில் பதிவு செய்தது. கிட்டாரும் குரலும் ரெஜிஸ், கஞ்சிரா ஆராவமுதன். சுவரெல்லாம் பழைய ரஜாய்ப் போர்வைகளை மாட்டி, வீதியின் சத்தத்தை அடைத்துவிட்டார்கள். ஆராவமுதனின் அம்மா கோமளம் மாமியை அடைக்கும் ரஜாய் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பாட்டு உச்சத்தில் நிற்கும்போது மாடிப்படியிலிருந்து மாமியின் குரல் வரும். ரெஜிஸ் அந்த இடத்தைக் கத்தரித்துவிட்டு மறுபடி பாடுவான். 'ஈரத்துணி'யில் மட்டும் அது முடியவில்லை. வாழ்க்கையிலேயே அவன் நன்றாகப் பாடிய ஒரு பல்லவியின் மேல், வெல்லத்தின் மேல் எறும்பாக, மாமியின் குரல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"டேய் ஆராவமுதா, காபி ஆறி அவலாப் போறதுடா. ரெஜிசுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கேன்."

குரலை உரித்தால் பல்லவியும் சேர்ந்து உரிந்தது. எனவே கிடப்பில் போட்டான். எனவே இப்போது அது கிடைத்தற்கரியது ஆயிற்று. அதையே ரீமிக்ஸுக்கும் அனுப்பினான், சென்னையில் விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கும் பாலக்கரைப் பையன் தைரியராஜுக்கு.

தைரியராஜ் பெயருக்கேற்றவன். பல்லவி போனால் போகிறதென்று ரெஜிஸின் குரலை மொத்தமாகத் தூக்கிவிட்டு, மாமியின் இரண்டு சொற்களை மட்டும் நறுக்கி, அடியில் பறையும் எலெக்ட்ரானிக் டமாரமும் வைத்துச் சுழற்றிவிட்டான். ஆறி அவலா, ஆறி அவலா, ஆறி ஆறி ஆறி அவலா. மூன்று நிமிடப் பாட்டில் ரெஜிஸுக்கு மிஞ்சியது இறுதியில் ஒரு 'ம்ம்'.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. சம்பள உயர்வுக்குக் காத்திருப்பவர்கள் அதற்கு ஆடினார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் தாமதமான மண்டபத்தில் பெண்வீட்டார் ஆடினார்கள். தில்லை நகரில் ஆஷ்லி வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு முறைக்காக உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் அதைச் சத்தமாக வைக்க, வரிசையே சிரிக்க, சிரிக்கக் கூடாத நிலைமையில் இருந்த இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள்.

ரெஜிஸுக்குச் சந்தோஷம்தான். பாட்டுக்குக் கீழே எறும்பு எழுத்தில் அவன் பெயர் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

அந்த வாரம் ஆராவமுதன் கூப்பிட்டான். "போதும்டா, பேங்க் வேலைக்குப் போறேன்" என்று அவன் கஞ்சிராவை உறையில் போட்டு நாலு வருடமாகிறது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

"ரெஜிஸ், அது அம்மா குரல்தானே?"

"ஆமாடா. செமையா வந்திருக்கில்ல? அம்மாகிட்ட சொல்லு, ஊரே அவங்க..."

"அம்மாக்குப் பேச்சு போயிடுத்துடா. ஆவணியில ஸ்ட்ரோக். வலப்பக்கம் விழுந்துடுத்து." நிறுத்தாமலே கேட்டான். "சனிக்கிழமை ஒரு நடை வந்துட்டுப் போறியா?"

போனை வைத்ததும் ரெஜிஸ் முதலில் தைரியராஜைப் பிடித்தான். அந்த ரீமிக்ஸை உடனே எடுத்துவிடச் சொன்னான், காரணத்தையும் சொன்னான்.

"ஐயையோ, என்னண்ணே" என்றான் தைரியராஜ். நிஜமாகவே வருந்தினான். "நான் எடுத்துடறேன்ணே. ஆனா ஊர்ல ஆயிரம் பேரு வெட்டி ஒட்டி வெச்சிருக்கானே, அத என்ன பண்றது? கொள்ளிடத்துல திறந்துவிட்ட தண்ணிய வா வான்னு கூப்பிட முடியுமா?"

தன் உவமை தன் மேலேயே வந்து விழுவது ஒரு கலைஞனுக்கு நேரக் கூடாதது. ரெஜிஸ் அடுத்து, அந்தத் துண்டுகளையெல்லாம் நீக்கச் சொல்லி இணையத்தளத்துக்கு ஒரு புகார் அனுப்பினான். மறுநாளே பதில் வந்தது. பிரபலமான 'ஆறி அவலா' ஒலித்துண்டு அவனுடைய 'ஈரத்துணி'யில் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, ஆகவே 'ஈரத்துணி' நீக்கப்பட்டுவிட்டது.

ஆஷ்லி அதை இரண்டு தடவை படித்தாள். "முதல் தடவையா உங்க பாட்ட ஒருத்தர் முழுசா உக்காந்து கேட்டிருக்காருங்க."

"ஆளு இல்ல, மெஷின்."

"அதாவது கேட்டுச்சே" என்றாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "திட்டினாங்கன்னா வாங்கிக்கங்க. எதிர்த்துப் பேசாதீங்க. உங்களுக்கு விளக்கம் சொல்ல வராது."

சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், மடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனான். அம்மாவைச் சந்தி சிரிக்க வைத்தாயே. கேட்டாயா ஒரு வார்த்தை. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது பின்சீட்டுக் கல்லூரிப் பையனின் போன், ஆறி அவலா, ஆறி அவலா என்றது. பஸ்ஸில் பாதித் தலைகள் ஆடின. ரெஜிஸ் ஹார்லிக்ஸ் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான்.

கதவைத் திறந்த ஆராவமுதனுக்குக் காதோரம் வெளுத்திருந்தது. "வாடா" என்றான், நேற்றுப் பார்த்தவன் போல. ஹார்லிக்ஸை வாங்கி அலமாரியில் வைத்தான். அங்கே ஏற்கெனவே ஆறு பாட்டில்கள் இருந்தன.

கோமளம் மாமி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஒருகாலத்தில் அவள் குரலுக்கு மாடிப்படியே அதிரும். இப்போது மடியில் வலதுகையை யாருடைய கையையோ வாங்கி வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள். ரெஜிஸைப் பார்த்ததும் இடப்பக்க முகம் விழித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள்.

"ஆறி அவலா."

பழைய மாமியின் இழுப்பில் இல்லை. தைரியராஜ் வெட்டிய அதே வெட்டில், அதே தாளத்தில்.

ரெஜிஸ் ஆராவமுதனைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு மாசம் ஒரு சத்தம் இல்லடா" என்றான் ஆராவமுதன். "கீழ் போர்ஷன் பொண்ணு கனிஷ்கா, இது மாமி குரல் மாதிரி இருக்கேன்னு போனைக் கொண்டுவந்து காட்டினா. மறுநாள் காலம்பற அம்மா இதைச் சொன்னா. நான் அழுதுட்டேன். அப்பறம்தான் தெரிஞ்சது, இது ஒண்ணுதான் வரதுன்னு. குடிக்கத் தீர்த்தம் வேணும்னாலும் இதான், வலிச்சாலும் இதான். பெருமாளைச் சேவிக்கறச்சயும் இதையே சொல்றா. அவர் என்ன புரிஞ்சுக்கறாரோ."

"டாக்டர் என்னடா சொல்றாரு?"

"மூளையில பேச்சு இருக்கற பக்கம் வேற, பாட்டு இருக்கற பக்கம் வேறயாம். பாட்டு வழியாப் பேச்சு திரும்பி வரலாங்கறார். வராமலும் போகலாங்கறார். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றார்."

திட்டு எதுவும் வரவில்லை. வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவனுக்கு அது ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆராவமுதன் உள்ளே போய் டவரா டம்ளரில் இரண்டு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டான்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். உன்கிட்ட அம்மா குரல் இன்னும் எவ்வளவோ இருக்குமே. இந்த மாடியிலதானே அத்தனையும் ரெக்கார்ட் பண்ணினோம். தினம் கத்துவாளே. 'மோட்டாரை நிறுத்து, தொட்டி வழியறது.' 'சாப்பிட வாங்கோடா.' 'காலு வலிக்கறது, மாடி ஏற வைக்காதே.' அதெல்லாம் எடுத்து அந்தப் பையன்கிட்ட கொடுத்து, இதே மாதிரி பாட்டாப் பண்ணித் தரச் சொல்லேன். ரெண்டு போதும்டா. வலிக்கறதுன்னு ஒண்ணு. தீர்த்தம்னு ஒண்ணு. ஒருநாள் முழுக்க வலியோட உக்காந்திருந்திருக்கா. நான் டிவியை மாத்தி மாத்தி வெச்சிண்டிருந்தேன்."

ரெஜிஸ் காபி டம்ளரைப் பார்த்தான். சுத்தமான ரெக்கார்டிங் என்றால் ரெஜிஸ் என்று அந்தக் காலத்தில் பெயர். ஒரு கொசுச் சத்தம் கூட இருக்காது. கத்தரித்ததை எல்லாம் கணினிக் குப்பையில் போட்டு, குப்பையையும் உடனுக்குடன் காலி செய்துவிடுவான். அப்படியொரு ஒழுங்கு அவன் வாழ்க்கையில் வேறெந்த விஷயத்திலும் இருந்ததில்லை.

"வெட்டிட்டேன்டா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இது ஒண்ணுதான் வெட்ட வரல."

ஆராவமுதன் மாடிப்படிப் பக்கம் பார்த்தான். பிறகு, "நானும்தானே பக்கத்துல உக்காந்துண்டு, இன்னும் கொஞ்சம் வெட்டு, அம்மா மூச்சு கேக்கறதுன்னு சொன்னேன்" என்றான்.

ரெஜிஸ் போனை எடுத்தான். இணையத்தில் நீக்கப்பட்ட 'ஈரத்துணி'யின் மூலப் பதிவு அதில் இருந்தது. "முழு வரியும் இருக்குடா. அவன் வெட்டினது பாதி. மீதியைக் கேட்டா ஏதாவது..." என்று சொல்லி, முடிக்காமல் பாட்டை ஓடவிட்டான்.

இளம் ரெஜிஸ் பாடினான். படியிலிருந்து மாமி வந்தாள். காபி ஆறி அவலாப் போறதுடா. ரெஜிசுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கேன்.

நாற்காலியில் மாமி முன்னால் சாய்ந்தாள். மறுபடி வைத்தான். மறுபடியும். 'சேத்து' என்ற இடத்தில் அவள் உதடு குவிந்தது. குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் வாயைத் திறப்பதுபோல இரண்டு ஆண்பிள்ளைகளும் வாயைக் குவித்தார்கள்.

"ஆறி அவலா" என்றாள் மாமி.

ரெஜிஸ் போனை வைத்துவிட்டு, அந்த மீதிப் பாதியைத் தானே பாட ஆரம்பித்தான். ரெஜிசுக்கும் சேத்துத்தான், சேத்துத்தான் வெச்சிருக்கேன். தைரியராஜின் தாளத்திலேயே மெட்டுப் போட்டு, மாமியின் முகத்துக்கு நேரே மண்டி போட்டுப் பாடினான். இரண்டு வருடமாக வராத மெட்டு அது. ஆராவமுதன் தொடையில் தட்டினான். மாமியின் இடதுகை விரல் நாற்காலிக் கையில் தாளம் தவறாமல் விழுந்தது, மகனை விடச் சுத்தமாக. சொல் மட்டும் வரவில்லை. பாடிப் பாடி ரெஜிஸின் தொண்டைதான் கட்டிக்கொண்டது.

பாட்டு நின்றதும் மாமி ஆரம்பித்தாள். "ஆறி அவலா." இந்தத் தடவை அழுத்தமாக.

"தீர்த்தமா அம்மா?" ஆராவமுதன் கூஜாவை எடுத்தான். தலை ஆடியது, இல்லை என்று.

"ஃபேனா இருக்கும்டா" என்று ரெஜிஸ் எழுந்து வேகத்தைக் கூட்டினான். குறைத்தான். "ஆறி அவலா." முதுகுக்குத் தலையணை வைத்தார்கள், எடுத்தார்கள். டிவியைப் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். பாத்ரூமா என்று ஆராவமுதன் காதில் கேட்டான். மாமியின் கண்ணில் நீர் கட்டியது. "ஆறி அவலா. ஆறி அவலா." அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று ரெஜிஸ் அப்போதுதான் பார்த்தான்.

முக்காலியில் அவன் டம்ளர். தொடாத காபியின் மேல் ஆடை கனமாகப் படிந்திருந்தது.

"டேய்" என்றான் ரெஜிஸ். "காபியச் சொல்றாங்கடா."

எடுத்து ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தான். பச்சைத்தண்ணீராக ஆறியிருந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். ஆராவமுதனும் தன்னுடையதைக் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினான். மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடப்பக்க உதடு மேலே ஏறியது. ஏதோ ஒரு பெரிய கதவு திறந்துவிட்டதுபோல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறி அவலா" என்றாள் மாமி.

இரண்டு டம்ளரும் காலியாகத்தான் இருந்தன.

"இப்ப என்னடா?" என்றான் ரெஜிஸ்.

"தெரியலையே."

ஆராவமுதன் மறுபடியும் தீர்த்தத்திலிருந்து ஆரம்பித்தான்.