காளி தரியில் உதிர்ந்த எழுத்து

மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில், விமான் நகர் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு டெம்போ டிராவலர் வந்து நிற்கும். அதன் முன்சீட்டு சுப்ரஜாவுக்கு உரியது. அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் புனேத் தமிழர்களைக் கோட்டைக்கும் குகைக்கும் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான் என்பதால், வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

கோயம்புத்தூரில் பிறந்து, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள் அவள். அவளுக்கும் கணவன் நிர்மலுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஐந்து நாளும் ஏசி அறையில் கிடக்கிற அலுப்புக்கு மலையேறப் போனவள், பிறகு அதிலேயே ஊறிப்போனாள். அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. ஆரஞ்சுத் தோல்கூட மலையில் விழக்கூடாது. அடுப்பு மூட்டக்கூடாது. குகைச் சுவரில் கை படக்கூடாது.

"கல்லு மேல கால வெச்சு நடங்க. மண்ணைக் கலைக்காதீங்க. எதையாச்சும் எடுத்துப் பாத்தா, எடுத்த எடத்துலயே வெச்சிருங்க. அது நம்முளுது இல்லீங்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். கூட்டத்தில் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

2004-ஆம் வருஷம் மழை ஓய்ந்த பிறகு ஹுதா வந்து சேர்ந்தாள். பிம்ப்ரி பஜாரில் பெட்டியும் பையும் விற்கும் கடை வைத்திருக்கும் பீர் முகமதுவின் மகள். வாப்பா மேலப்பாளையத்துக்காரர், இவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராக இருந்தாள். முதல் நாள் வண்டியின் கடைசி சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சுப்ரஜாவே வலியப் போய், "சாப்டயா கண்ணு?" என்று கேட்டு இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள்.

அன்றைக்குப் போனது லோணாவளா பக்கம் ஒரு குகைக்கு. சுவரில் ஒரு வரி எழுத்து இருந்தது. "இதுல ஏதோ எழுதியிருக்காங்க, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு" என்று சுப்ரஜா வழக்கம்போல் சொல்லி முடித்தாள். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, அது ஒரு பொம்பள குடுத்த தான். மத்லப்... அதாவது தானம். இந்தத் தூண் அவ செஞ்சு குடுத்தது. இது அவ பேரு. இது அவ அம்மா பேரு."

ஹுதா சுவரைத் தொடவில்லை. காற்றில் விரலை ஓட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கூட்டம் அப்படியே அவள் பக்கம் நகர்ந்தது. தாபோடி ராணுவப் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிருஷ்ணஸ்வாமி, "அடேடே, எங்கேர்ந்தும்மா கத்துண்டே இதெல்லாம்?" என்று வாயைப் பிளந்தார். சுப்ரஜாவும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். எத்தனை வருஷமாக இந்தச் சுவர் முன்னால் நின்று 'ஏதோ எழுதியிருக்காங்க' என்று சொல்லியிருக்கிறாள்!

அதற்கப்புறம் ஹுதா இல்லாமல் நடை இல்லை என்றாகிவிட்டது. "ஹுதா வர்றாளா?" என்று முதல் நாளே போன் வரும். அந்தப் பெண் தண்ணீர் குடிக்க நின்றால் கூட்டமும் நிற்கும். ஒருநாள் கிருஷ்ணஸ்வாமி, "முன்னாடி உக்காரும்மா, வழியெல்லாம் ஏதாவது சொல்லிண்டே வா" என்று அவளை முன்சீட்டில் ஏற்றிவிட்டார். ஹுதா பதறிப்போய் சுப்ரஜாவைப் பார்த்தாள்.

"பரவால்ல, உக்காரு" என்றாள் சுப்ரஜா. பின்னால் போய் டயருக்கு மேலே இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு குழிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. முன்னால் எழும்பிய ஒவ்வொரு சிரிப்புக்கும் அவளுக்குள் புகைந்தது.

வீட்டில் அது வேறு விதமாக வெளியே வந்தது. குழம்பில் உப்பு கூடியது. குகைச் சுவர்களில் இருக்கும் பிராமி எழுத்தைப் படிக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து அலமாரியில் துணிக்கடியில் ஒளித்துவைத்தாள். குளித்துவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மனப்பாடம் செய்வாள். மறுநாள் பார்த்தால் எல்லாம் கோலப்புள்ளிகளாகக் குழம்பிக் கிடக்கும். நிர்மல் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏன் சுப்பு, அந்தப் புள்ளகிட்டயே கேட்டா சொல்லிக் குடுக்க மாட்டாளா?"

"நீங்களும் அவ பக்கமா?" என்று சீறினாள் அவள்.

சுப்ரஜாவிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நிர்மலும் அவளும் பைக்கில் அகமத்நகரிலிருந்து திரும்பும்போது, ஷிரூருக்கு அந்தப் பக்கம் வழி தவறிப் போய்க் கண்ட இடம். மழை அதிகம் எட்டிப் பார்க்காத வறண்ட பூமி. கண்ணுக்கெட்டிய மட்டும் கள்ளியும் முள்ளும்தான். நடுவே பூமி திடீரென்று பிளந்து, கறுத்த பாறைகளுக்கிடையே ஆழமாக ஒரு பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் மட்டும் அதில் ஆறு ஓடும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் காளி தரி என்பார்கள், மராட்டியில் கரும்பள்ளம் என்று அர்த்தம். அரசாங்கப் புறம்போக்கு என்பதால் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர அங்கே யாருக்கும் சோலி இல்லை. உள்ளே இறங்கினால் பாறையில் குடைந்த சின்னக் குகை, படுக்கக் கல் திண்டு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு வரி எழுத்து.

அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. "கூட்டம் போனா அந்த எடம் தாங்காது" என்று நிர்மலிடம் சொல்லியிருந்தாள். அது உண்மைதான். தனக்கு மட்டுமே தெரிந்த இடம் ஒன்று இருக்கட்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஜனவரி நடைக்கு அவள் காளி தரியை அறிவித்தாள். வண்டியில் எழுந்து நின்று, "இன்னைக்கு நாம பாக்கப்போறதை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லை. எந்தப் புத்தகத்துலயும் இல்லை" என்றாள். எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். ஹுதா மட்டும் ஒரு கணம் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், புன்னகைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தனை பேரையும் ஒன்றாக அந்தச் சின்னக் குகைக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று சுப்ரஜாவுக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் நான்கு நான்கு பேராக அனுப்பியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம், எல்லோர் முன்னாலும் ஹுதாவின் முகம் வியப்பில் விரிவதைப் பார்ப்பதுதான். சட்டங்களைச் சொல்லக்கூட மறந்துபோனாள்.

குகை வாசலில் நெரிசல். மண் மிதிபட்டுப் புழுதி கிளம்பியது. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஹுதாவின் முகம் விரியவில்லை. கீழே மிதிபடும் மண்ணைத்தான் அவள் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹுதா, படிச்சுச் சொல்லும்மா!" என்றார் கிருஷ்ணஸ்வாமி.

"இப்ப முடியாது மாமா. வெயில் நேரா அடிக்குது. சாயங்காலம் வெளிச்சம் சாய்ஞ்சா எழுத்து எழும்பி வரும்."

சுப்ரஜாவுக்கு உள்ளே ஒரு குதூகலம் துள்ளியது. முடியாதாமே! இத்தனை பேர் முன்னால் அவளால் முடியாதது இன்னும் கொஞ்சம் துலங்கட்டும் என்று தோன்றியது. "தூசி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். தொடச்சா நல்லாத் தெரியும்" என்றபடி பாட்டில் தண்ணீரைத் துப்பட்டா முனையில் ஊற்றினாள்.

"அக்கா, வேணாம். ப்ளீஸ்" என்றாள் ஹுதா.

அந்த 'வேணாம்' ஒன்று போதுமாக இருந்தது. எனக்கே சொல்கிறாளா? சுப்ரஜா ஈரத்துணியை எழுத்தின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கையின் கீழே ஏதோ அப்பளம் நொறுங்குவதுபோல் இருந்தது. வெயிலிலும் மழையிலும் ஊறி ஏற்கனவே வெடித்திருந்த பாறையின் மேல்தோல், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, தரையில் விழுந்து சிதறியது. வரியின் கடைசி எழுத்துகள் இருந்த இடத்தில் வெளிறிய கல் பளிச்சென்று தெரிந்தது.

சுப்ரஜாவின் துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற சங்கரன் என்பவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து, "ஞாபகத்துக்கு ஒண்ணு வெச்சுக்கறேனே" என்று சட்டைப் பையில் போடப் போனார்.

"கீழ வைங்க சார்" என்றாள் ஹுதா. "எடுத்த எடத்துலயே. அது நம்முளுது இல்லீங்."

சுப்ரஜாவின் வார்த்தைகள். சுப்ரஜாவின் கோயம்புத்தூர் இழுவை உட்பட! அந்த நிமிஷத்தில் அவளைச் சுட்டது கல் உடைந்ததைவிட அதுதான். ஹுதா எல்லோரையும் பாறைமேல் கால்வைத்து ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னாள். கேமராவை எடுத்துச் சிதறல்களைக் கிடந்தபடியே படம்பிடித்தாள். சுப்ரஜாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலே ஏறி வந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையை நெற்றிக்குக் குடைபிடித்து இவர்களைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "காய் க போரி, பரத் ஆலீஸ்?" என்று ஹுதாவைக் கேட்டாள். என்னடி பெண்ணே, மறுபடி வந்தாயா என்று.

சுப்ரஜாவின் கால் நின்றது. "நீ முன்னாடியே வந்திருக்கயா?"

ஹுதா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாக்கா. காலேஜ்ல படிக்கும்போது. ரெண்டு வாட்டி."

"ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு குஷியா எந்திரிச்சுச் சொன்னீங்கல்லா... எப்படிக்கா நான் கெடுக்க?"

சுப்ரஜா வண்டியில் போய் ஏறினாள். தனக்கு மட்டுமே சொந்தம் என்று பொத்தி வைத்திருந்ததும் ஹுதாவுடையதாகிவிட்டது. பெரிய மனசும் அவளுடையதாகவே இருந்தது. அழுகை வந்தது. அது அந்தக் கல்லுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஹுதா விமான் நகர் வீட்டுக்கு வந்தாள். காலேஜ் நாளில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சோபாவில் பரப்பினாள். வரி முழுசாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியை வெட்டிக்கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் அது. உடைந்துபோனது அந்தப் பெயரின் கடைசி எழுத்துகள்.

"அக்கா, தொல்லியல் ஆபீஸ்ல சொல்லிடலாம். அப்பவே நான் சொல்லியிருக்கணும். எனக்கும் ஆசைதான், அது சீக்ரட்டா இருக்கட்டும்னு. இப்ப பக்கத்துல கல் குவாரி வருதுன்னு அந்த ஆட்டுக்காரம்மா சொல்லுது. யாருக்கும் தெரியாத எடத்தை யாரு காப்பாத்துவா? நீங்களும் வாங்க."

தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறாளோ என்று சுப்ரஜா நினைத்தாள். ஹுதா போன பிறகு நிர்மல் காபியை நீட்டியபடி சொன்னான்: "நீ போகலைன்னாலும் அவ போவா சுப்பு."

அந்தச் சொல் தைத்தது. அவள் போனாள்.

அலுவலகத்தில் ஒரு மராட்டிய அதிகாரி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த உடைப்பு எப்படி ஆயிற்று என்று ஹிந்தியில் கேட்டார். ஹுதா உடனே, "கல் ரொம்பப் பழசு சார், தானாகவே..." என்று ஆரம்பித்தாள்.

சுப்ரஜாவுக்குச் சுரீரென்றது. என்னைக் காப்பாற்றி, அந்த நல்ல பெயரையும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளா? இதையும் இவளுக்குக் கொடுக்க மாட்டேன்.

"தானா விழலை. நான்தான் ஈரத்துணி போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் ஹிந்தியிலேயே, உரக்க. "இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லுச்சு. நான் கேக்கலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டினார். நியாயமான திட்டு. படித்தவர்கள், மலை ஏறுகிறவர்கள், உங்களுக்கே தெரியவில்லை என்றால் ஊர்க்காரனை என்ன சொல்வது என்று கேட்டார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் ஹுதா அவள் கையைப் பிடித்தாள். சுப்ரஜா கையை உருவிக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

மார்ச்சில் தொல்லியல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் காளி தரிக்கு வந்து பார்த்தார்கள். துண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடந்ததால் பெரும்பாலானவற்றை மறுபடி பொருத்த முடிந்தது. ஓர் எழுத்து மட்டும் பொடியாகிப் போயிருந்தது. அது இனி ஹுதாவின் படத்தில் மட்டும்தான். குவாரியைப் பள்ளத்தாக்கிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் கூடிப் பேசி, வருகிறவர்கள் நாலைந்து பேராகத்தான் இறங்க வேண்டும், ஊர் ஆள் ஒருவர் கூட வருவார், தீ மூட்டக்கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆட்டுக்காரப் பெண்ணும் எழுந்து, ஆடு உள்ளே போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் ஹுதா எழுதிய சின்னக் கட்டுரை வந்தது. அடியில் சுப்ரஜாவுக்கு ஒரு வரி நன்றி இருந்தது. அவள் அந்த ஒரு வரியை ஒருமுறையும், மேலே பெரிதாக இருந்த ஹுதாவின் பெயரைப் பலமுறையும் படித்தாள்.

சில மாதம் அவள் நடைக்குப் போகவில்லை. மழை முடிந்ததும் காளி தரிக்கு மறுபடி கிளம்பினார்கள். ஹுதாவே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். "அக்கா, கீழ நான் பாத்துக்கறேன். ஆனா மேல கூட்டத்தைப் பிடிச்சு நிறுத்த என்னால ஆகாது. என் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க கத்துனாத்தான் கேப்பாங்க."

பள்ளத்தாக்கின் விளிம்பில், இறங்கும் வழியை மறித்து சுப்ரஜா நின்றாள். நாலு பேர் மேலே வந்தால்தான் அடுத்த நாலு பேரை ஊர் ஆளோடு விட்டாள். முண்டியடித்த கிருஷ்ணஸ்வாமியையே, "மாமா, பாறை மேல கால வைங்க! அங்க மண்ணு!" என்று அதட்டினாள். அவர் குழந்தைபோலக் காலைத் தூக்கிப் பாறையில் வைத்தார்.

கீழேயிருந்து ஹுதாவின் குரலும், அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரிக்கும் சத்தமும் பாறைகளில் மோதி எழும்பி வந்தன. சுப்ரஜாவுக்கு வயிறு எரிந்தது. பழைய எரிச்சலேதான், கொஞ்சமும் குறையவில்லை. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"அடுத்த நாலு பேர் வாங்க" என்றாள். "கையில இருக்கற பாட்டிலை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. தண்ணி உள்ள வேண்டாம்."